ஐசியூவில் உப்பு ஏறினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிமோனியா, செப்சிஸ் (கிருமித் தொற்று முற்றி உடம்பு முழுக்கப் பாதிப்பது), விபத்து, பாம்புக்கடி என்று எதற்காக ஐசியூவில் சேர்த்தாலும், மூன்றாம் நாள் பேச்சு சிறுநீரகத்தில் வந்து நிற்பது சகஜம். 2015இல் வெளியான ஓர் ஆய்வு 33 நாடுகளில் 97 ஐசியூக்களைப் பார்த்தது. சேர்ந்த முதல் வாரத்துக்குள்ளேயே நூற்றுக்கு 57 பேருக்குத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு வந்திருந்தது. இத்தனை பேருக்கு வரும் ஒன்றைப் பற்றி வாசலில் காத்திருக்கும் சொந்தக்காரர்களும், ஆய்வுக் கட்டுரையை மேலோட்டமாகப் படிக்கும் மருத்துவ மாணவர்களும் கிட்டத்தட்ட ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். பாதிக்கு மேல் அவசரத்தில் வருபவை.

முதலில் அந்த கிரியேட்டினின் நம்பர், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்ற கணக்கு. நம்ம பக்கம் 'உப்பு' என்று சொல்வது இதைத்தான். லேப் தாளில் நார்மல் என்று போட்டிருந்தால் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் கேடிகோ என்ற சர்வதேசச் சிறுநீரக மருத்துவ அமைப்பு வகுத்து, 2012 முதல் உலகம் முழுக்கப் பின்பற்றும் வரையறை நார்மலா இல்லையா என்று பார்ப்பதில்லை, எவ்வளவு ஏறியது என்றுதான் பார்க்கிறது: 48 மணி நேரத்தில் 0.3 ஏறினாலோ, ஏழு நாளுக்குள் பழைய அளவைப் போல ஒன்றரை மடங்கு ஆனாலோ பாதிப்புதான். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் 40 கிலோ அம்மா ஒருவருக்கு எப்போதும் 0.6 இருக்கும் என்று வையுங்கள், ரெண்டு நாளில் 0.9 ஆனால் லேப் தாள் நார்மல் என்றே சொல்லும், சிறுநீரகம் அப்படிச் சொல்லாது. அதனால் சர்க்கரைக்கோ பிரஷருக்கோ எப்போதோ எடுத்த பழைய ரிப்போர்ட் வீட்டில் கிடந்தால் அதைத் தேடி எடுத்து வந்து டாக்டரிடம் கொடுங்கள். ஆய்வாளர்களுக்கும் இதே தலைவலி உண்டு. பழைய அளவு தெரியாதபோது அவர்களாக ஒன்றை அனுமானித்துக்கொள்கிறார்கள், அந்த அனுமானத்தைப் பொறுத்து பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையே மாறிவிடுகிறது.

இன்னொன்று, கிரியேட்டினின் எப்போதும் தாமதமாகத்தான் வந்து சேரும். இரண்டு சிறுநீரகமும் இன்று காலை முழுசாக நின்றுவிட்டாலும், நம்பர் ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை என்றுதான் ஏறும். சாக்கடை அடைத்த உடனே தெரு நிரம்பிவிடாது இல்லையா, அப்படி. போதாக்குறைக்கு நாலைந்து லிட்டர் திரவம் உடம்பில் தங்கியிருந்தால் ரத்தம் நீர்த்துப்போய் நம்பர் குறைவாகத் தெரியும். என்னைக் கேட்டால் கட்டிலோரம் தொங்கும் சிறுநீர் சேரும் பையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி, 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி. ஆறு மணி நேரம் தொடர்ந்து அதற்குக் கீழே போனால் அதுவே வரையறைக்குப் போதும். ஆனாலும் பல ஆய்வுகள் சிறுநீர் அளவை விட்டுவிட்டு கிரியேட்டினினை மட்டும் எடுத்துக்கொள்கின்றன, ஏனென்றால் மணிக்கு மணி எழுதி வைத்த சார்ட் கிடைப்பதில்லை.

சரி, சிறுநீர் குறைந்துவிட்டது, ஊசி போட்டு வரவைத்தால் சிறுநீரகம் பிழைத்துவிடுமா? இல்லை. அந்த ஊசி, லேசிக்ஸ், உடம்பில் தேங்கிய நீரை இறக்க உதவும், அதோடு சரி, சிறுநீரகத்தைக் காப்பாற்றியதாக நிரூபணம் கிடையாது. பல வருடம் குறைந்த அளவு டோபமைனைச் சிறுநீரகத்துக்கான மருந்து என்று நம்பிப் போட்டார்கள், 2000இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐசியூக்களில் 328 பேரை வைத்துச் சோதித்ததில் ஒரு பலனும் இல்லை என்று தெரிந்தது.

டயாலிசிஸ் பற்றித்தான் அதிகச் சண்டை. "ஏனுங்க, உப்பு நாலுக்குப் போயிருச்சு, இன்னும் போடாம இருக்காங்களே" என்று ஒருவர் தவிப்பார். சீக்கிரம் தொடங்கினால் நல்லது என்பது கேட்கவே நியாயமாகத்தான் இருக்கிறது. 2016இல் ஜெர்மனியில் ஒரே மருத்துவமனையில் 231 பேரிடம் நடந்த ஆய்வும் அப்படித்தான் சொன்னது. அதே வருடம் பிரான்சில் பல ஐசியூக்களில் 620 பேரிடம் நடந்த ஆய்வில் உயிர் பிழைப்பதில் வித்தியாசமே வரவில்லை, அதைவிட முக்கியம், காத்திருந்த கூட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டயாலிசிஸே தேவைப்படவில்லை. 2020இல் சுமார் 3,000 பேரிடம் நடந்த ஸ்டார்ட் ஆய்வு வழக்கை முடித்துவைத்தது என்றே சொல்லலாம்: 90 நாள் இறப்பு இரண்டு பக்கமும் 44 சதவீதத்தை ஒட்டி. பிழைத்தவர்களில் 90 நாளுக்குப் பிறகும் டயாலிசிஸை விட முடியாதவர்கள் சீக்கிரம் தொடங்கிய பக்கம் 10.4 சதவீதம், காத்திருந்த பக்கம் 6. சின்ன ஆய்வு ஒன்றை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பொட்டாசியம் ஆபத்தாக ஏறினால், ரத்தத்தில் அமிலம் கூடினால், நுரையீரலில் நீர் கோத்து மருந்துக்கு இறங்காவிட்டால் உடனே போட்டாக வேண்டும், அப்படிப்பட்டவர்களை இந்த ஆய்வுகளில் சேர்க்கவே இல்லை. இன்னும் அதிகமாகத் தள்ளிப்போட்டுப் பார்த்த 2021 பிரெஞ்சு ஆய்வில் லாபம் எதுவும் இல்லை, கெடுதல் இருக்கலாம் என்ற அறிகுறிதான் தெரிந்தது.

எதிர்ப்பக்கத்தில் நிற்கும் பெரியப்பா சொல்வார், "போட உடாதீங்க, எங்க பங்காளிக்குப் போட்டதுக்கு அப்பறந்தான் ஆள் போச்சு". அவரைக் கிண்டல் செய்ய முடியாது, படித்தவர்கள் எழுதிய கட்டுரைகளிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. ரொம்ப முடியாமல் போனவர்களுக்குத்தான் டயாலிசிஸ் போடுகிறார்கள், அவர்களில் இறப்பும் அதிகம்தான் இருக்கும். பழைய கேஸ் ஷீட்டுகளை மட்டும் புரட்டி, போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டால் குற்றவாளி மெஷினாகத்தான் தெரியும். குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய ஆய்வா என்று முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

சலைன் விஷயம் சுருக்கமாக. 2018இல் அமெரிக்காவில் ஒரே மருத்துவமனையின் ஐசியூக்களில் 15,802 பேரிடம் நடந்த ஆய்வில் ரிங்கர் லாக்டேட் மாதிரித் திரவங்கள் சாதா சலைனைவிடக் கொஞ்சம் மேல் என்று தெரிந்தது, 2022இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. எந்தப் பாட்டில் என்பதைவிட எத்தனை பாட்டில் என்று கேட்பது மேல்.

கொங்குப் பக்கத்து ஆட்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன பெரிய ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் செப்சிஸ், பெரிய அறுவை சிகிச்சை நோயாளிகள். கோபி வயலிலோ பவானி மஞ்சள் காட்டிலோ கண்ணாடி விரியன் கடித்து வரும் ஆளுக்கு அந்த நம்பர்களை அப்படியே பொருத்தக் கூடாது. அங்கே சிறுநீரகத்தின் கதியைத் தீர்மானிப்பதில் விஷமுறிவு மருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறியது என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. கயிறு கட்டி, மந்திரித்து, அப்புறம் பெருந்துறைக்கோ கோவைக்கோ கிளம்பினால் போன நேரம் திரும்பாது. உண்ணிக் காய்ச்சலும் அப்படித்தான். அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்ட மாதிரிக் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொன்னால், விலை குறைந்த டாக்சிசைக்ளின் மாத்திரையே நிலைமையை மாற்றிவிடும். இந்த இரண்டிலும் சிறுநீரகம் நின்றுபோய் சில வாரம் டயாலிசிஸில் இருந்துவிட்டு மெஷினை விட்டு வெளியே வருபவர்கள் நிறைய. ஒரு தடவை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் என்று பயந்து கையெழுத்துப் போடாமல் இழுக்காதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் கிரியேட்டினின் 0.8 என்று பார்த்துவிட்டு எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வாரக்கணக்கில் படுத்த உடம்பில் சதை கரைந்திருக்கும், கிரியேட்டினின் சதையிலிருந்து வருவது, அதனால் அந்த 0.8 உண்மையைவிட நன்றாகத் தெரியும். மூன்று மாதத்தில் மறுபடி சோதிக்க வேண்டும் என்கிறது கேடிகோ, கூடவே சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை இடுப்பு வலி, மூட்டு வலி என்று பக்கத்துக் கிளினிக்கில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய டைக்ளோபினாக் வலி ஊசி போட்டுக்கொள்ள உட்காரும் முன்னால் டிஸ்சார்ஜ் தாளை எடுத்து நீட்டுங்கள்.