தட்சிணசித்ராவுக்குக் குடும்பத்தோடு போகும்போது செய்யக் கூடாத தவறுகள்

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இருக்கிறது தட்சிணசித்ரா. தென்னிந்தியப் பழைய வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம். பொங்கல் லீவில் அதன் வாசலில் நின்றிருந்தேன். மணி நாலு இருக்கும். டி.என். 23 நம்பரில் ஒரு வேன் வந்து நின்றது. நம்ம வேலூர் வண்டி என்றதும் மனசுக்குள் ஒரு சந்தோஷம். பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவர் குரல் கொடுத்தார்: "முக்கா மணி நேரந்தான். சீக்கிரமா பாத்துட்டு வந்துடுங்க."

அதே வாசலில் அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள் என்று இதுவரை ஏழு முறை கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். தண்ணீர் பாட்டில், தொப்பி, மாற்றுத் துணியெல்லாம் பிள்ளை வளர்க்கும் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே நாளில் நாலு இடம்

பெரிய தவறு இதுதான். நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக முதலில் மாமல்லபுரம். அங்கிருந்து வடக்கே திரும்பி வடநெம்மேலி முதலைப் பண்ணை. பிறகு தட்சிணசித்ரா. இருட்டுவதற்குள் கடற்கரை. வழியில்தானே இருக்கிறது என்று திட்டம் போடும்போது சரியாகத்தான் தெரியும். ஆனால் தட்சிணசித்ராவுக்குள் நுழையும்போது பிள்ளைகளுக்கு கால் வலி, பெரியவர்களுக்குத் தூக்கம், டிரைவருக்கு அவசரம்.

2013 மே மாதம் நாங்களும் இப்படித்தான் போனோம். எங்கள் நைனா, அதாவது அப்பா, குடியாத்தத்தில் நாற்பது வருஷம் கைலி நெய்தவர். தறியை விற்ற பிறகு அந்தத் தொழிலைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டார். அன்றைக்கு மாமல்லபுரத்தில் மர நிழலிலேயே உட்கார்ந்திருந்தார். முதலைகளைப் பார்த்துவிட்டு, "நல்லா கீது" என்றதோடு சரி. தட்சிணசித்ராவில் காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீட்டுக்குள் போனதும் தறி முன்னால் நின்றுவிட்டார். ஒன்பது வயசான என் பெரியவனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"இதான்டா அச்சு. இதுல ஒவ்வொரு கண்ணுலயும் இழை கோக்கணும். உன் வயசுல நான் எங்க ஆயாகூட உக்காந்து தார்ல நூல் சுத்திக்கினு இருந்தேன். ஒரு நாள்…"

நான் குறுக்கே புகுந்தேன். "நைனா, நேரமாவுது. வேன்ல பேசிக்கலாம், வா." மறுபேச்சில்லாமல் வந்துவிட்டார். வேனில் எல்லோரும் தூங்கிப்போனோம். அடுத்த வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அதன்பிறகு எட்டு மாதம்தான் இருந்தார். அந்த "ஒரு நாள்" என்ன நடந்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இருட்டுவதற்குள் கடற்கரைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அதை இழந்தோம். கடல் இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது. இத்தனை வருஷம் ஆகியும் என் கோபம் ஆறவில்லை.

கல்வெட்டையோ சிற்பத்தையோ பார்க்கப் போகிற மாதிரி இங்கே போகக் கூடாது. இது வீடுகளின் ஊர். உரலையோ அம்மியையோ தறியையோ பார்த்த கண்ணுக்குப் பழைய பேச்சு உடனே வராது. ஒரு திண்ணையில் உட்கார்ந்து, கால் நீட்டி, காற்று வாங்கி, அதற்குப் பிறகுதான் ஒரு ஆயா வாயைத் திறப்பார். அந்த நேரத்தை ஒதுக்காமல் போவதும் போகாமல் இருப்பதும் ஒன்றுதான்.

அன்றைக்கு முழுநாளும் இந்த ஓர் இடத்துக்குத்தான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வேலூரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகச் சுமார் 150 கி.மீ. விடியற்காலை ஆறு மணிக்குக் கிளம்பி, வழியில் டிபன் முடித்தால் கேட் திறக்கும் பத்து மணிவாக்கில் சேரலாம். மாமல்லபுரத்தை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களைப் பைகளுக்குக் காவலாக பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். முதல் வீட்டுக்குள் அவர்கள்தான் முதலில் நுழைய வேண்டும். பேச ஆரம்பித்தால் போனில் குரல் பதிவைப் போட்டு சட்டைப் பையில் வையுங்கள். முகத்துக்கு நேரே நீட்டினால் பேச்சு நின்றுவிடும்.

செவ்வாய்க்கிழமை

வாராந்திர விடுமுறை. போகாதீர்கள்.

சினிமா செட் என்று நினைப்பது

எங்கள் தெருப் பையன் ஒருவன் தூணில் சாவியால் பெயர் கிறுக்கப் பார்த்தான். கையைப் பிடித்ததும், "செட்டுதானே ஆன்ட்டி?" என்றான். செட் இல்லை. இடிக்கப்பட இருந்த பழைய வீடுகளை வாங்கி, துண்டு துண்டாகப் பிரித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, அந்தந்த ஊர்க் கைவினைஞர்களை வைத்தே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியின் சிரியன் கிறிஸ்தவ வீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு என்று 18 வீடுகள். சில மட்டும் பழைய முறைப்படி புதிதாகக் கட்டியவை. தெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் நடத்தும் இடம் இது. வளாகத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1996 டிசம்பரில் திறந்தார்கள். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் 1891-ல் திறந்த ஸ்கான்சென்தான் இந்த மாதிரித் திறந்தவெளி அருங்காட்சியகங்களுக்கு முன்னோடி. உள்ளே போகும் முன் வேனிலேயே இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் சாவி பைக்குள்ளேயே இருக்கும்.

பலகையைப் பாடமாக வாசிப்பது

எல்லாப் பலகையையும் சத்தமாகப் படித்துக் காட்டினால் மூன்றாவது வீட்டில் பிள்ளைகள் காணாமல் போவார்கள். நான் ஆளுக்கு ஒரு கேள்வி கொடுப்பேன், அவ்வளவுதான். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது? செட்டிநாட்டு வீட்டில் முற்றத்தில் நின்று கூரையைப் பார்த்தால் புரிந்துவிடும். கேரள வீட்டுக் கூரை ஏன் இவ்வளவு சரிவு? அங்கே கொட்டும் மழை அப்படி. ஆந்திரக் கடலோர வீடு ஏன் வட்டமாக இருக்கிறது? புயல் காற்று மோதித் தள்ள ஒரு தட்டைச் சுவர் இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடும். கடைசிக் கேள்விக்கு என் தங்கை மகள் தானாகவே பதில் கண்டுபிடித்தாள். அன்று முழுக்க அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"வேலூர் வெயிலையே பார்த்தவங்க நாங்க"

நம்மூர் வெயில் காயவைக்கும். கடலோர வெயில் வேர்த்து ஊற்றிக் களைப்பாக்கும். மே மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். வெட்டவெளியில் சுற்றுவதைக் காலையில் முடித்துக்கொண்டு, மத்தியானத்தில் ஓட்டு வீடுகளுக்குள் உட்காருங்கள்.

பானையை மடியில் வைத்துக்கொண்டு வருவது

குயவர் சக்கரத்தில் பிள்ளைகள் செய்யும் சட்டி சுடாத மண். ஈரத்தோடு மடியில் வைத்தால் நசுங்கும். காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் மறுபடி சேறுதான். தயிர் தோய்க்கிறேன் என்று எங்கள் அத்தை ஒரு முறை முயன்றார். சக்கரத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சட்டி சாயங்காலத்துக்குள் கொஞ்சம் இறுகிவிடும். வரும்போது ஒரு அட்டைப் பெட்டியில் பழைய துணி போட்டு எடுத்து வாருங்கள்.

கேட்காமல் போட்டோ எடுப்பது

வேலை செய்கிறவர்களிடம் முதலில் வணக்கம் சொல்லுங்கள், அப்புறம் கேளுங்கள்.

கரிகிரிக்குப் போகாமல் முட்டுக்காடு போவது

காட்பாடிக்குப் பக்கத்திலேயே கரிகிரி இருக்கிறது. பச்சையும் நீலமுமாக மெருகேற்றிய மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். குடியாத்தத்தில் இன்னும் கைலித் தறி ஓடுகிறது. இரண்டையும் பார்க்காத வேலூர்ப் பிள்ளை 150 கி.மீ. போய், "மண்ணுல எப்படிப்பா பானை வருது?" என்று கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முட்டுக்காட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கரிகிரிக்கு ஒரு நடை போய் வாருங்கள். மண்ணைப் பிசைவதையும் சூளை எரிவதையும் பார்த்த பிள்ளை அங்கே போய்க் கேட்கும் கேள்வியே வேறு. போன வருஷம் அப்படிப் பார்த்துவிட்டு வந்த ஒரு பையன், முட்டுக்காட்டில் குயவரிடம், "உங்க ஊர் மண்ணு என்ன நிறம்?" என்று கேட்டான். அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் அவனோடு பேசினார். வேன் காத்திருந்தது.