விளையாட்டைத் திரைக்கதையாக்கும் முறை: சாவிகளில் சிக்கியவனின் குறிப்பு

காணொளி விளையாட்டு ஒன்றைத் திரைக்கதையாக எழுதிப் பழக விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். 1999இல் ஜப்பானிய நிறுவனமான கொனாமி வெளியிட்ட ‘சைலன்ட் ஹில்’ என்ற திகில் விளையாட்டைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டேன். 2006இல் கிறிஸ்டோஃப் கான்ஸ் அதைப் படமாக்கியிருப்பதால், நம் வரைவை முடித்தபின் ஒப்பிட்டுப் பார்க்கலாம்; அதுவரை படத்தைப் பார்க்காதீர்கள்.

படி 1: ஒருமுறை விளையாடி முடித்துவிட்டு, இரண்டாம் முறை ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற திரைப்பதிவு மென்பொருளில் பதிவு செய்துகொண்டே விளையாடுங்கள். பிறர் விளையாடிய யூடியூப் பதிவை வைத்து எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் கை எங்கே தயங்கியது என்பது அதில் தெரியாது.

படி 2: நிகழ்வு ஒவ்வொன்றையும் தனித்தனி அட்டையில் எழுதுங்கள். திரைக்கதை மென்பொருளை இப்போதே திறந்தால், அழகாக அமைந்த பக்கத்தை நீக்க மனம் வராது.

படி 3: நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். காணாமற்போன மகள் செரிலைத் தேடும் ஹாரி மேசன், பள்ளிக்குச் செல்லும் வழியில் நாய்க்கூண்டிலிருந்து ஒரு சாவியை எடுத்து ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அதன் பின்கதவைத் திறக்க இன்னும் மூன்று சாவிகளைத் தெருத்தெருவாகத் தேட வேண்டும். விளையாடும்போது நேரம் போனதே தெரியவில்லை. எழுதியபோதோ பதினொரு பக்கம் நீண்டது. திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பதை நினைத்துப் பார்த்தபோதுதான், விளையாட்டில் சாவி தேடியவர் ஹாரி அல்லர், நானே என்பது புரிந்தது.

ஆகவே, ஒவ்வொரு நிகழ்விலும் பாத்திரம் எடுக்கும் முடிவையும் அதற்குக் கொடுக்கும் விலையையும் அட்டையின் பின்புறம் எழுதுங்கள். எழுத ஒன்றுமில்லையெனில் அட்டையைக் கிழித்துவிடுங்கள். என்னிடமிருந்த 38 அட்டைகளில் 14 மிஞ்சின. விளையாட்டில் ஹாரி மகளுடன் சைலன்ட் ஹில் என்னும் ஊருக்கு விடுமுறைக்கு வரும் வழியில் விபத்து நேர்கிறது. படத்திலோ, தூக்கத்தில் அந்த ஊரின் பெயரைச் சொல்லி அலறும் மகளைக் கணவனின் விருப்பத்தை மீறி அங்கே அழைத்துச் செல்கிறாள் தாய் ரோஸ். விபத்து அதேதான், ஆனால் இங்கே அது அவளுடைய முடிவின் விளைவு.

படி 4: விளையாட்டுக் கருவியின் குறையை மறைக்க வைக்கப்பட்டவற்றுக்குக் கதைக்குள் காரணம் தேடுங்கள். தொலைதூரக் காட்சிகளை வரைய அன்றைய பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிக்குத் திறன் போதாததை மறைத்தது விளையாட்டின் மூடுபனி. படத்திலோ, நிலத்தடி நிலக்கரித் தீயால் கைவிடப்பட்ட ஊரில் சாம்பல் பொழிகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துச் சென்ட்ரேலியா ஊரில் 1962 முதல் அப்படியொரு தீ எரிந்துகொண்டிருக்கிறது.

பிற்சேர்க்கை: விளையாட்டின் கதை முடியக்கூடிய ஐந்து விதங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முதல் அட்டையின் பின்புறத்தில் எழுதிய, பாத்திரம் எடுத்த முடிவுக்கு எது பதிலாகிறதோ அதை எடுங்கள். வேற்றுக்கிரக வாசிகள் வந்து இறங்கும் வேடிக்கை முடிவு எனக்குப் பிடித்ததுதான் என்றாலும், அதற்கு என் அட்டைகளில் இடம் கிடைக்கவில்லை.