பழைய வட்ட ரம்ப மில்: தேய்ந்த பாகத்துக்கு எந்தப் பொருள்?

தேய்ந்ததை முன்பைவிடக் கடினமான பொருளில் செய்தால் நெடுநாள் உழைக்கும் என்று தோன்றும். பென்சில்வேனியாவின் ஃப்ரிக் (Frick) கம்பெனி செய்தவை போன்ற, மரத்தடி அறுக்கும் பழைய வட்ட ரம்ப மில்களில் அது தன்னோடு உரசும் எதிர்ப்பாகத்தைத் தின்றுவிடும். மலிவான பாகம் தேய்ந்து, கிடைக்காத பாகம் பிழைக்க வேண்டும்.

ரம்ப ஷாஃப்டின் பேரிங்குகள் பெரும்பாலும் ஒயிட் மெட்டல் (வெள்ளீயம் அல்லது ஈயம் அடிப்படையான மென்மையான கலவை) வார்த்தவை. அங்கே வெண்கல புஷ் (உருளை வடிவ உறை) வேண்டாம். மரப்பட்டையோடு வரும் மண் ஒயிட் மெட்டலில் புதைந்துவிடும். வெண்கலத்தில் அவ்வளவாகப் புதையாமல் ஷாஃப்டைக் கீறும். எண்ணெய் நின்றுபோனாலும் ஒயிட் மெட்டல்தான் உருகும்.

ரம்பத்தை ஒட்டிய பேரிங்குக்கு வெள்ளீயம் 89, ஆன்டிமனி 7.5, செம்பு 3.5 சதவீதக் கலவை ஏற்றது. மெதுவாகச் சுழலும் ஷாஃப்டுகளுக்கு ஈயக் கலவையே போதும். இரண்டையும் ஒரே சட்டியில் சேர்க்காதீர்கள்: வெள்ளீயமும் ஈயமும் கலந்தால் 183 டிகிரி செல்சியஸிலேயே இளகும் பகுதி உருவாகி, சூடேறிய பேரிங் குழைந்துபோகும். பழைய உலோகம் எதுவென்று தெரியாவிட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

வார்க்கும் முன் ஷாஃப்டில் கீறல் வரி இருந்தால் லேத்தில் கடைந்து மெருகேற்றுங்கள். உலோகம் ஒட்டாதிருக்க விளக்குப் புகையால் கரி பூசுங்கள். உலோகம் ஊற்றும் பேரிங் பெட்டியையும் ஷாஃப்டையும் 100 டிகிரிக்கு மேல் சூடாக்குவது கட்டாயம். ஒரு துளி ஈரம் நீராவியானாலும் உருகிய உலோகம் முகத்தில் தெறிக்கும். உருகிய உலோகத்தில் பைன் குச்சியை முக்கினால் அது கருக வேண்டும், தீப்பற்றக் கூடாது. நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். இடையில் நின்றால் அடுக்கடுக்காக உறைந்து பிளக்கும். பேரிங் மூடிக்கடியில் ஷிம்களை (மெல்லிய தகடுகளை) அடுக்கினால், தேயத் தேய ஒவ்வொன்றாக உருவலாம். ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் இடைவெளி, ஷாஃப்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு: 2 அங்குல ஷாஃப்டுக்கு 0.002 அங்குலம். காற்றோட்டமான இடத்தில்தான் இதெல்லாம்.

புது ஷாஃப்டுக்கு 1045 எஃகு (நடுத்தரக் கார்பன் எஃகு) நல்லது. குளிர்நிலையில் உருட்டிய கம்பியில் கீவே (சாவி உட்காரும் பள்ளம்) வெட்டினால் உள்ளிறுக்கம் விடுபட்டு வளைந்துவிடும்.

ரம்பத்தின் இருபுறமும் நிற்கும் கைடு பின்களுக்கு மேப்பிள் போன்ற கடின மரம். இரும்பு உரசினால் ரம்பம் சூடாகி ஆடத் தொடங்கும்.

மரத்தடியை ரம்பத்துக்குக் கொண்டுபோகும் கேரேஜின் (வண்டியின்) ரேக், அதாவது நீளப் பல்சட்டம், வார்ப்பிரும்பு என்றால், அதை ஓட்டும் சிறு பல்சக்கரமான பினியனைக் கடினமாக்கிய எஃகில் செய்யாதீர்கள். பினியனை இன்னொரு முறை கடைந்துகொள்ளலாம். அந்த நீள ரேக்கை வார்த்துத் தர ஆள் தேட வேண்டியிருக்கும்.