கோவை–மைசூரு: கிராஃப் போட்டு வழி தேடுவது எப்படி?

மாநில எல்லை தாண்டும் பயணத்துக்குக் கிலோமீட்டரை மட்டும் பார்த்துக் கிளம்பினால், ராத்திரி வனத்துறை செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்ட வேண்டி வரலாம். கோவை–மைசூரு பாதை இதைப் பழகிப் பார்க்க அருமையான கணக்கு. இடங்களைப் புள்ளிகளாகவும் (முனைகள்), அவற்றை இணைக்கும் சாலைகளைக் கோடுகளாகவும் வரைவதுதான் கிராஃப். தாளும் பென்சிலும் போதும்.

1. முனைகள்

வழியில் வரும் ஊரையெல்லாம் குறிக்க வேண்டாம். பாதை பிரிகிற அல்லது வண்டியை நிறுத்துகிற இடங்கள் மட்டும் போதும்.

2. கோடுகளும் எடையும்

ஒவ்வொரு கோட்டின் எடையையும், அதாவது அதைக் கடக்க ஆகும் நேரத்தை, நிமிடத்தில் எழுதுங்கள். சத்தி–சாமராஜநகர் வழியிலுள்ள திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் நாற்கரச் சாலையையும் ஒரே அளவுகோலில் அளக்க வேறு வழியில்லை. காருக்கான தோராயக் கணக்கு இது. உங்கள் வண்டிக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கோவை–சத்தியமங்கலம் 100, சத்தி–சாமராஜநகர் 120, சாமராஜநகர்–மைசூரு 80.
கோவை–ஊட்டி 165, ஊட்டி–கூடலூர் 90, கூடலூர்–குண்டலுபேட்டை 80, குண்டலுபேட்டை–மைசூரு 75.
கோவை–சேலம் 160, சேலம்–பெங்களூரு 230, பெங்களூரு–மைசூரு 150.

சுங்கக் கட்டணத்தை ரூபாயாகவே இதோடு கூட்டிவிடாதீர்கள். விடை அர்த்தமில்லாமல் போகும். அதைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

3. அம்புக்குறி

ஊட்டி–மசினகுடி கல்லட்டி மலைப்பாதையில் வெளியூர் வண்டிகள் ஏறலாம், இறங்க விடமாட்டார்கள். இதை ஒருவழி அம்பாகப் போட வேண்டும். சாதாரணக் கோடாகப் போட்டால், மைசூருக்குப் போகவே முடியாத குறுக்குவழி ஒன்று விடையாக வந்து நிற்கும்.

4. கேட் நேரம்

கூடலூர்–குண்டலுபேட்டை வழியிலுள்ள பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை. திம்பம் பாதையில் கார்களுக்கு அதே நேரம். கனரக வண்டிகளுக்கு மாலை 6 மணிக்கே மூடிவிடுவார்கள். ஆக, சத்தி–சாமராஜநகர், கூடலூர்–குண்டலுபேட்டை இரண்டின் எடையும் நிலையானதல்ல. கேட் மூடியிருந்தால் காத்திருக்கும் நேரத்தையும் கூட்ட வேண்டும். (திம்பம் கேட் இருப்பது பண்ணாரியில். துல்லியம் வேண்டுமென்றால் பண்ணாரியைத் தனி முனையாக்குங்கள்.)

5. டைக்ஸ்ட்ரா முறை

சீக்கிரம் போய்ச் சேரும் வழியைக் கண்டுபிடிக்கும் முறை இது. மாலை 5:00க்குக் கிளம்புவதாக வைப்போம். ஒவ்வொரு முனையிலும் போய்ச் சேரும் நேரத்தை எழுதி, இருப்பதில் முந்தியதை உறுதிசெய்து, அங்கிருந்து அடுத்த கோடுகளை நீட்ட வேண்டும்.

சத்தி 6:40, சேலம் 7:40, ஊட்டி 7:45. முந்தியது சத்தி, அதிலிருந்து சாமராஜநகர் 8:40. அடுத்து சேலம், பெங்களூரு 11:30. அடுத்து ஊட்டி, கூடலூர் 9:15. பிறகு சாமராஜநகர், மைசூரு 10:00. கூடலூரில் கேட் மூடிவிட்டது, குண்டலுபேட்டைக்கு மறுநாள் காலை 7:20தான். மிச்சமிருப்பதில் முந்தியது மைசூரு 10:00. கணக்கு முடிந்தது.

தொடக்கக்காரர்கள் வழுக்குவது இங்கேதான்: மைசூருக்கு முதன்முதலாக ஒரு நேரம் கிடைத்ததுமே நிறுத்திவிடுவார்கள். அது உறுதியாகும் வரை பொறுங்கள். அதற்குள் வேறொரு வழி முந்தலாம்.

6. நேரத்தை மாற்றிப் பாருங்கள்

இரவு 8:00க்குக் கிளம்பினால் சத்தி 9:40. காலை 6 வரை காத்திருந்து மைசூரு சேர 9:20. அதிகாலை 4:20க்குக் கிளம்புகிறவரும் அதே 9:20க்குத்தான் சேர்வார். வீட்டில் தூங்கிவிட்டே போகலாம். பெங்களூரு சுற்றினால் 540 நிமிடம், விடிகாலை 5:00. பகலில் கடைசியில் நிற்கும் சுற்றுவழி இரவில் ஜெயிக்கிறது.

ஊட்டி வழிக்கு 2024 மே முதல் நீலகிரி இ-பாஸ் வேண்டும். எடுக்கவில்லை என்றால் கோவை–ஊட்டி கோட்டை அழித்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.