கனடாக் கடவுச்சீட்டோடு உப்புவெளியில் காணி தேடுவோருக்கு

போன ஆடி மாதம் ஒரு நாள் இரவு ஏழு மணிக்குத் தம்பி ரொறன்ரோவில் இருந்து எடுத்தான். "அக்கா, உப்புவெளியில 20 பேர்ச் விலைக்கு வருகுதாம். நல்ல இடம். முற்பணம் குடுக்கட்டோ?"

"உன்னட்ட இப்ப எந்தப் பாஸ்போட் இருக்கு?"

"கனடாதான்."

"அப்ப ஒரு சதமும் குடுக்காதே."

நான் 27 வருசம் திருகோணமலையில் ஒரு நொத்தாரிசு கந்தோரில் உறுதி எழுதிக் கொடுத்தவள். இதே கேள்வியோடு வந்த பலரைப் பார்த்திருக்கிறேன். பிறந்தது அலஸ்தோட்டம், படித்தது டவுன் பள்ளிக்கூடம், பிறகென்ன தடை என்பார்கள். காணிச் சட்டம் பிறந்த ஊரைப் பார்ப்பதில்லை, குடியுரிமையைத்தான் பார்க்கும். இன்னொரு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்தவுடன் இலங்கைக் குடியுரிமை போய்விடுகிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அப்படிப்பட்டவருக்குக் காணி எழுதுவதைத் தடுக்கிறது. 2013 ஜனவரி 1 முதலே செல்லும்படி அதை எழுதியிருக்கிறார்கள். மீறி எழுதின உறுதி வெறும் கடதாசி.

ஆகவே முதல் வேலை இரட்டைக் குடியுரிமை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பித்து, சான்றிதழ் கைக்கு வந்த பிறகு காணி பாருங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. அது வேண்டாம் என்பவர் 99 வருசம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். தொடர்மாடியில் நாலாம் மாடியிலும் அதற்கு மேலும் வீடு வாங்கலாம், முழுப் பணமும் உறுதிக்கு முன்னமே வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வரவேண்டும். இது கொழும்பில் வாங்குபவருக்கு உதவும். கடற்கரையில் கிணறும் முற்றமும் வேண்டும் என்பவருக்கு உதவாது.

தாய் தகப்பனின் காணியைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. நெருங்கிய உறவுக்கு நன்கொடையாகவோ மரண சாசனத்தாலோ முதிசமாகவோ வருவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை, பிள்ளை வெளிநாட்டுக் குடிமகனாக இருந்தாலும். நிலாவெளியில் அம்மாவின் காணியைத் தம்பிக்கு நன்கொடை உறுதியாக எழுதினோம், அம்மாவுக்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்து. தாய் தகப்பன் தெளிவாக இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். எழுதாமல் போய்ச் சேர்ந்தால் ஏழு பிள்ளைகளுக்குப் பிரியாத பங்கு, நாலு நாட்டில் கையொப்பம், கடைசியில் மாவட்ட நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு.

"சிநேகிதன்ட பேரில எழுதி வைப்பம்" என்று மட்டும் தொடங்காதீர்கள். என் மச்சான் ஒருவர் சாம்பல்தீவுப் பக்கம் அப்படித்தான் வாங்கினார். சிநேகிதன் நல்ல மனுசன்தான். அவர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். இப்போது காணி அவருடைய மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும். மச்சானிடம் இருப்பது காசு அனுப்பின ரசீது.

காணியைப் பார்க்கும்போது உறுதியை மட்டும் பார்க்காதீர்கள். காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருசத்துப் பதிவேட்டுப் பக்கங்களைத் தேட வையுங்கள் (யாழ்ப்பாணத்தார் தோம்பு பார்த்தல் என்பார்கள்). ஈடு, வழக்கு எல்லாம் அதில் தெரியும். 'பெமிற் காணி' என்றால் அரச காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் கொடுத்தது, பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாறாது. "எல்லாரும் இப்படித்தான் வாங்கினவை" என்று தரகர் சொன்னால் எழும்பி வாருங்கள்.

பிறகு சர்வேயரோடு நேரே நில்லுங்கள். அம்மாவின் பழைய உறுதியில் கிழக்கெல்லை 'பூவரச மரமும் கல்லும்' என்று இருந்தது. 2004 மார்கழியில் கடல் வந்து மரத்தையும் கல்லையும் கொண்டு போனது. பக்கத்துக் காணிக்காரர் அதற்குப் பிறகு வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் தள்ளியிருந்தார். பழைய வரைபடத்தை வைத்து அளந்தபோது இரண்டரைப் பேர்ச் அங்கே கிடந்தது. ஆட்சி பத்து வருசம் தொடர்ந்தால் உரித்தே அவருடையதாகிவிடும். வெளியில் இருப்பவர் வருசத்துக்கு ஒருதரம் யாரையாவது அனுப்பி வேலியைப் பார்க்க வேண்டும். கடலோரம் 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் கரையோரத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும், அதை முற்பணத்துக்கு முன்பே விசாரியுங்கள்.

நேரில் வர முடியாதவர், தன் சார்பில் இன்னொருவர் கையொப்பம் வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தைத் தூதரகத்தில் எழுதி அனுப்பலாம். பொது அற்றோணி வேண்டாம். இந்தக் காணி, இந்த வேலை என்று குறிப்பிட்ட ஒன்று போதும். கொடுத்தவர் இறந்தால் அதுவும் இறந்துவிடும்.

காசு விசயத்தில் உண்டியல் (வங்கியைத் தவிர்த்து ஆள்வழியாகக் காசு அனுப்புவது) கூடவே கூடாது. நாளைக்கு விற்றுப் பணத்தை வெளியில் கொண்டு போக நினைத்தால், அது வங்கி வழியாக வந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். வெளிநாட்டுக் காசை இங்கே முதலீட்டுக்குக் கொண்டுவரும் உள்முக முதலீட்டுக் கணக்கைப் பற்றி வங்கியில் முதலே கேளுங்கள். முத்திரைத் தீர்வை முதல் லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஒரு கோடிக் காணிக்கு 3,99,000 ரூபா. அதை மிச்சப்படுத்த விலையைக் குறைத்து எழுதினால், விற்கும்போது இலாபம் பெரிதாகத் தெரிந்து மூலதன இலாப வரி கூடும். பழைய காணிக்கு 2017 செப்ரம்பர் 30 அன்றிருந்த சந்தை விலைதான் அடக்கவிலை, மதிப்பீட்டுக் கடிதம் ஒன்று எடுத்து வையுங்கள். கனடாவிலும் சொல்ல வேண்டும்: வாடகைக்கு விட்ட காணி போன்ற வெளிநாட்டுச் சொத்துகளின் அடக்கவிலை ஒரு லட்சம் டொலரைத் தாண்டினால் வருமான வரியோடு ரி1135 படிவம்.

உறுதி முடித்த நொத்தாரிசு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியாயிற்று என்ற வாய்ச்சொல்லோடு விடாமல் நானே போய் வரிசையில் நின்று பிரதி எடுத்தேன். தம்பியின் பெயரில் 'ன்' விடுபட்டிருந்தது. திருத்த இன்னும் மூன்று நடை நடந்தேன்.