‘ஃபார்மேட் போட்டுடலாமா?’ என்று கேட்பதற்கு முன்

போன மழைக்காலத்தில் வடசென்னைக் காலடிப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் சிபியுவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் என்னிடம் வந்தார். “தம்பி, டிஸ்ப்ளே வரல. பக்கத்துல ஒருத்தரு ஃபார்மேட் போடணும்னு சொல்லிட்டாரு. கஸ்டமருங்க அளவெல்லாம் அதுலதான் இருக்கு. எல்லாம் போயிடுமா?”

பக்கத் தகட்டைக் கழற்றினேன். ரேமை (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவுப் பலகை) உருவி, அவர் மகளின் பென்சில் டப்பாவிலிருந்த ரப்பரால் துடைத்துத் திரும்பப் போட்டேன். டிஸ்ப்ளே வந்துவிட்டது. ஸ்கிரீனே வராத கம்ப்யூட்டரில் விண்டோஸ் இன்னும் படுக்கையை விட்டே எழவில்லை. எழாதவன் மேல் பழியைப் போட்டு, டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடும் ஃபார்மேட் அடிப்பது என்ன வைத்தியம்?

கோளாறைக் கீழிருந்து மேலே தேட வேண்டும். முதலில் கரண்ட், அப்புறம் கேபினெட்டுக்குள் இருப்பவை, அப்புறம் டிஸ்க், அதற்கு மேல் விண்டோஸ், எல்லாம் சரியென்றால் நெட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டால் எது தேவலையாக்கியது என்று உங்களுக்கே தெரியாது. திரையில் என்ன எழுத்து வந்தாலும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

1. கரண்ட்

ஆன் ஆகவே இல்லையென்றால் அதே பிளக் பாயின்ட்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். பவர் கார்டை மானிட்டரின் கார்டோடு மாற்றிப் பாருங்கள். கேபினெட்டின் பின்பக்கம் எஸ்எம்பிஎஸ்ஸில் (உள்ளே இருப்பவைக்குக் கரண்டை மாற்றித் தரும் பெட்டி) ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், பெருக்கித் துடைக்கும்போது கைபட்டு ஆஃப் ஆகியிருக்கும். இதற்காகவே சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு, நான் காசு வாங்கவில்லை.

லேப்டாப் என்றால் சார்ஜரை எடுத்துவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். பாதி ‘செத்துப்போன’ லேப்டாப்கள் இதிலேயே எழுந்துவிடும்.

யுபிஎஸ் இருந்தும் கரண்ட் போன அந்த நொடியே கம்ப்யூட்டரும் அணைந்தால் குற்றவாளி பெரும்பாலும் யுபிஎஸ் பேட்டரி. அதற்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய வீடுகளில் இது சகஜம். போர்டில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதற்குப் பின்னால் எர்த் வயரே போயிருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸில் கரண்ட் நுழையும் வாசலில் கெப்பாசிட்டர் என்ற, சார்ஜைத் தேக்கும் சின்ன உறுப்புகள் இரண்டு உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்தும் மற்றது நியூட்ரலிலிருந்தும் வந்து கேபினெட் உடம்பில் சேரும். எர்த் இல்லையென்றால் அந்த உடம்பு 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். ஓடும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரோடு நின்றுவிடுகிறது. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ வயரையோ பிரின்டர் வயரையோ செருகினால் போர்ட் கருகலாம். விண்டோஸை மாற்றி இதைத் தீர்க்க முடியாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள். வேறு சாதனத்தின் லீக்கேஜும் இதில் சேர்ந்திருக்கலாம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சார்ஜ் தங்கியிருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் புகுந்த கம்ப்யூட்டர்களில் பல, தண்ணீரால் கெடவில்லை. ‘வேலை செய்யுதா பார்ப்போம்’ என்று ஈரத்தோடு ஆன் செய்ததால் கெட்டன. நனைந்ததை ஆன் செய்யாதீர்கள். லேப்டாப்பாக இருந்தால் பேட்டரியையும் கழற்ற வேண்டும்.

2. கேபினெட்டுக்குள்

நம் பகுதிக்கென்றே உள்ள சங்கதி இது. காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று கடலோரமாகவே குடியிருக்கிறோம். ஜன்னல் கம்பியைத் தின்கிற உப்புக்காற்று கம்ப்யூட்டரை விட்டு வைக்குமா? ரேமின் அடிப்பக்கம் வரிசையாக மின்னும் பற்களில் மெல்லிய தங்க முலாம் இருக்கிறது. உப்பும் ஈரமும் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். தொடர்பு விட்டு விட்டு வரும். இன்று டிஸ்ப்ளே வராது, நாளை ஒரு தட்டு தட்டினால் வரும். தட்டுவது வைத்தியமல்ல.

செய்முறை: பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தினால் மிச்ச சார்ஜ் இறங்கிவிடும். கேபினெட்டின் வெற்று இரும்பை ஒருமுறை தொட்டு உடம்பில் தேங்கிய ஸ்டேட்டிக் கரண்டைப் போக்கிக்கொள்ளுங்கள். ஸ்லாட்டின் ஓரக் கிளிப்பைத் தள்ளினால் ரேம் மேலே வரும். வெள்ளை பென்சில் ரப்பரால் பற்களை ஒரே திசையில் மெதுவாகத் துடையுங்கள். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், அது முலாமையே சுரண்டிவிடும். ரப்பர் தூளைத் தட்டிவிட்டு, ஸ்லாட்டை உலர்ந்த பிரஷ்ஷால் ஒருமுறை தள்ளிவிட்டு, ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை இரண்டு முனையையும் அழுத்துங்கள்.

இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எது கெட்டது, ரேமா ஸ்லாட்டா என்று தெரிந்துவிடும். டிடிஆர் 5 வகை ரேம் போட்ட புது மதர்போர்டுகளில் (எல்லாப் பாகங்களும் இணையும் பலகை) ரேமை மாற்றியதும் சில நிமிடம் கறுப்புத் திரையாகவே நிற்கும். அது ரேமை அளந்து பார்க்கும் நேரம். அவசரப்பட்டு ஆஃப் செய்யாதீர்கள்.

தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் மானிட்டர் வயர் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும். மதர்போர்டில் செருகிவிட்டு ‘கார்டு டெட்’ என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து தூசி. எண்ணூர் பக்கம் சாம்பல், மணலி சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி. இவை ஹீட்சிங்கின் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்குகளில் கம்பளி போல அடைந்துவிடும். பத்து நிமிடம் ஓடி, சூடாகி, தானாக அணைகிற கம்ப்யூட்டருக்கு முதலில் புளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பில்லை’ என்று மிரட்டும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி இருப்பதுதான் காரணம். நெட்காரர்மேல் கோபப்படுவார்கள், தப்பு காசு பேட்டரியில் இருக்கும்.

3. டிஸ்க்

ஆன் ஆகிறது, ஆனால் ஆமையாக நகர்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100 சதவீதம் காட்டிக்கொண்டே இருந்தால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையை நிறத்தில் சொல்லும். நீலம் நலம். மஞ்சள் வந்தால் அன்றே முக்கியமான ஃபைல்களை வெளியே எடுங்கள், பழுது பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம். சாகக் கிடக்கும் டிஸ்க்கில், விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக்டிஸ்க்கை ஓட்டினால் அதுவே கடைசி ஓட்டமாகிவிடக்கூடும். ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வாங்கிய பழைய லேப்டாப் பல வீடுகளில் பீரோமேல் கிடக்கிறது. பழைய ஹார்ட்டிஸ்க்கை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத வேகமான டிஸ்க்) ஒன்று போட்டால் பிள்ளைகள் படிக்க இன்னும் சில காலம் ஓடும். திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி, கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். பில்லும் வாரன்டியும் கேட்டு வாங்குங்கள்.

4. விண்டோஸ்

லோகோ வருகிறது, சுற்றுகிறது, திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. லோகோ வரும்போதே பவர் பட்டனை அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அங்கே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முதலில் ஸ்டார்ட்டப் ரிப்பேர். அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். புது டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்) போட்டபின் வந்தது என்றால், அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் நுழைந்து அதை எடுத்துவிடுங்கள்.

48 இலக்க ரெக்கவரி கீ கேட்கிறதா? பயப்படாதீர்கள், டிஸ்க் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது. அந்த லேப்டாப்பில் நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கை போனில் திறந்தால் கீ பெரும்பாலும் அங்கே இருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அதை நோட்டில் எழுதி வைப்பது புத்திசாலித்தனம். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்ஸ்) கை வைத்த பிறகு தேடினால் நடுராத்திரி வரை தேடுவீர்கள்.

5. உண்மையிலேயே புதிதாகப் போட வேண்டுமென்றால்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, நம்பகமானதை மட்டும் துவங்கவிடும் செக்யூர் பூட், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். இன்டெலில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். சில போர்டுகளில் டிபிஎம் இருந்தும் பயாஸில் அணைந்திருக்கும். இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி ஆன் செய்யுங்கள்.

குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி ஓட்டுங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும், கல்யாண போட்டோ இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். டெல், லெனோவா, ஏசரில் எஃப் 12, எச்பியில் எஃப் 9. ஆன் செய்ததும் இதைத் தட்டிக்கொண்டே இருந்தால், எதிலிருந்து துவங்குவது என்று கேட்கும் பூட் மெனு வரும்.

சிக்குவது பெரும்பாலும் மூன்று இடத்தில். டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் திரை காலியாக இருந்தால், டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பதினோராம் தலைமுறை இன்டெல் முதல் வந்த பல லேப்டாப்களில் டிஸ்க்கை நிர்வகிக்கும் விஎம்டி என்ற ஏற்பாடு இருக்கிறது, அதற்கான ஸ்டோரேஜ் டிரைவரை லேப்டாப் கம்பெனி தளத்தில் எடுத்து, பிரித்து, பென்டிரைவில் வைத்து ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் டிஸ்க் தெரியும். இரண்டாவது, ‘ஜிபிடி டிஸ்க்கில் (புது முறையில் பிரித்த டிஸ்க்) போட முடியாது’ என்ற மறுப்பு. பென்டிரைவ் பழைய லெகசி முறையில் பூட் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். பூட் மெனுவில், புது முறையைக் குறிக்கும் யுஇஎஃப்ஐ என்று முன்னொட்டுள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது, பாதியில் நெட் கேட்கும். வைஃபை டிரைவரோ இன்னும் இல்லை. போனை யுஎஸ்பி வயரில் இணைத்து, போனின் நெட்டைப் பகிரும் டெதரிங்கை ஆன் செய்யுங்கள், நகர்ந்துவிடும்.

பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவு) அழிக்கும்முன் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் பாருங்கள். அந்தத் திரையில் சி, டி என்ற எழுத்து இருக்காது, எண்ணும் அளவும்தான் இருக்கும். இரண்டாவது ஹார்ட்டிஸ்க் இருந்தால் அதன் வயரைக் கழற்றி வைத்துவிட்டே நான் இந்த வேலையில் இறங்குவேன். அதே மதர்போர்டில் ஏற்கெனவே அசல் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருந்தால் கீ கேட்கும்போது ‘கீ இல்லை’ என்று தாண்டி, அதே எடிஷனைப் போடுங்கள். நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். கிராக் (திருட்டு விண்டோஸ்) கேட்டு என்னிடம் வராதீர்கள், அதோடு ஒட்டிக்கொண்டு வரும் வைரஸை எடுக்க மறுபடி என்னிடமே வருவீர்கள்.

6. நெட்

முதலில் போனில் அதே வைஃபையைப் பாருங்கள். போனிலும் வரவில்லையென்றால் கம்ப்யூட்டரைத் தொட வேண்டியதே இல்லை. ஃபைபர் பெட்டியில் லாஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. மொட்டைமாடியில் எலி கடித்திருக்கும், அல்லது யாரோ துணிக்கொடி கட்டும்போது இழுத்திருப்பார்கள். நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் வரவில்லையா? கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கில எழுத்தில் ஐபிகான்ஃபிக் என்று அடியுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் உங்களுக்கு முகவரியே கொடுக்கவில்லை; வயரை மாற்றுங்கள், ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சரியான முகவரி இருந்தால், டிஃபால்ட் கேட்வே என்று காட்டும் எண்ணைப் பிங் செய்யுங்கள் (அங்கிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை), பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். பதில் வந்தால் ரவுட்டர் வரை பாதை சரி. அடுத்து 8.8.8.8-ஐப் பிங் செய்யுங்கள். அதற்கும் பதில் வந்து, தளங்கள் மட்டும் திறக்கவில்லையென்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. நெட்வொர்க் செட்டிங்ஸில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள்.

வைஃபை மட்டும் திணறுகிறது என்றால், சுவரோடு சுவர் ஒட்டிய நம் வீடுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பத்து வீட்டு ரவுட்டர் ஒன்றன்மேல் ஒன்றாகக் கத்திக்கொண்டிருக்கும். ஒரே அறைக்குள் உட்கார்ந்து வேலை செய்பவர் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்ளலாம். அது சுவரைத் தாண்டித் தூரம் போகாது, அதனாலும் அங்கே கூட்டம் குறைவு.

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் 300 எம்பி பிளான் போட்டும் வயரில் 95-க்கு மேல் ஏறவே இல்லை. லேன் வயருக்குள் நான்கு ஜோடி கம்பி இருக்கிறது. 100 எம்பிக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத ஜோடி ஒன்று விட்டுப்போனால் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். பால்கனியில் கிடந்த முனையைப் பார்த்தால் உலோகப் பற்கள் பச்சை பூத்திருந்தன, அங்கேயும் அதே உப்புக்காற்றுதான். முனையை வெட்டிவிட்டுப் புது ஜாக் கிரிம்ப் செய்ததும் வேகம் வந்தது.

இவ்வளவும் பார்த்தபின் நெட் கம்பெனிக்குப் போன் செய்ய நேர்ந்தால், ‘நெட் வரல’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘லாஸ் விளக்கு சிவப்பு’ அல்லது ‘கேட்வே பிங் ஆகுது, 8.8.8.8 ஆகல’ என்று சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லும் அந்தக் கால்மணி நேரம் மிச்சமாகும்.