பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி: எதைப் பார்த்து வாங்குவது, எங்கே சறுக்கும்

லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று கடைக்குப் போனால் புது லேப்டாப்பைத்தான் காட்டுவார்கள். போவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. லேப்டாப்பை ஆன் செய்து டெஸ்க்டாப் வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். சிபியூ 20, 30 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே பல நிமிடம் ஒட்டிக்கொண்டிருந்தால் புராசசரைக் குறை சொல்லிப் பயனில்லை. தடை ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது.

காரணம் எளிது. பழைய லேப்டாப்களில் இருப்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க். ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி ஆகிறது. ஹெட் சரியான தடத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் சுழன்று கீழே வரும்வரை காத்திருந்து படிக்க வேண்டும். இப்படிச் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை விநாடிக்கு ஐம்பது, அறுபது முறைதான் அதனால் எட்ட முடியும். விண்டோஸ் 10 கிளம்பும்போதோ அப்டேட், ஆன்டிவைரஸ், ஒன்டிரைவ் என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி, கோப்புகளை மெமரி சிப்பில் வைக்கும். அதில் சுழல்வது எதுவும் இல்லை. சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டியே விநாடிக்குப் பல்லாயிரம் முறை படித்துக் கொடுக்கும். ஏழெட்டு வருட லேப்டாப் ஒன்று எஸ்எஸ்டி போட்டதும் அரை நிமிடத்துக்குள் கிளம்புவதற்கு இதுதான் காரணம்.

புதிதாக வாங்கினால் என்ன கிடைக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். இப்போது கடைகளில் அடித்துப் பேசி விற்பது 'கோபைலட் பிளஸ்' லேப்டாப்களை. மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்த இந்த வகைக்கு 40 டாப்ஸ் (விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள்) திறனுள்ள தனி ஏஐ சிப், 16 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ் கட்டாயம். அந்த 16 ஜிபி ரேம் உண்மையிலேயே நல்ல விஷயம். ஏஐ சிப்புக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. பிரவுசர், எக்ஸெல், வீடியோ அழைப்பு, பிள்ளைகளின் பாடம் என்று போகும் வீட்டில் அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். சாட்ஜிபிடி போன்றவை இணையத்தில் அவர்களின் சர்வரில்தான் ஓடுகின்றன, உங்கள் சிப்பில் இல்லை.

எல்லாப் பழைய லேப்டாப்பும் இந்தச் செலவுக்குத் தகுதி என்றும் இல்லை. 32 ஜிபி, 64 ஜிபி இஎம்எம்சி (மலிவு வகை மெமரி சிப்) போட்டு மலிவாக விற்ற சிறு லேப்டாப்களில் ஸ்டோரேஜ் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற வழியில்லை. 2 ஜிபி ரேம், அதுவும் பற்றவைத்தது என்றால் விட்டுவிடுங்கள். கீல் உடைந்து திரை ஆடுகிறது, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் எஸ்எஸ்டி பேச்சே வேண்டாம். டச்பேட் தூக்கினால் அடியில் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். குத்தாமல், அழுத்தாமல் பேட்டரியை மாற்றிய பிறகுதான் மற்ற வேலை.

எந்த எஸ்எஸ்டி

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம். பழைய ஹார்டு டிஸ்க் இருக்கும் இடத்தில் பொருந்துவது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 7 மில்லிமீட்டர் தடிமன். சில பழைய லேப்டாப்களில் 9.5 மில்லிமீட்டர் டிஸ்க் இருக்கும். அங்கே எஸ்எஸ்டி ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் தேவைப்படலாம்.

இன்னொரு வகை எம்.2, சூயிங்கம் பட்டை போல இருக்கும். பெரும்பாலும் 2280, அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். ஒரே உருவத்தில் இரண்டு ஜாதி இருக்கிறது: எம்.2 சாட்டா, அதைவிட வேகமான எம்.2 என்விஎம்இ. சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ போட்டால் டிஸ்க்கே தெரியாது. பட்டையின் தங்க விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. 'பெரும்பாலும்' என்றுதான் சொல்ல முடியும். எனவே வெட்டை மட்டும் நம்பாமல், லேப்டாப்பின் மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் சர்வீஸ் மேனுவலைத் தேடிப் பாருங்கள். டெல், ஹெச்பி, லெனோவா மூன்றும் இதைத் தங்கள் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. மேலும், சில லேப்டாப்களில் அந்த எம்.2 ஸ்லாட் வைஃபை கார்டுக்கானது. அதில் எஸ்எஸ்டி உட்காராது.

பெட்டியில் விநாடிக்கு 7000 எம்பி என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். சாட்டாவின் உச்சம் 550 எம்பி அளவு. மூன்றாம் தலைமுறை, அதாவது ஜென்3 என்விஎம்இ 3500 அளவு. ஜென்4 எஸ்எஸ்டியை ஜென்3 லேப்டாப்பில் போட்டால் ஓடும், ஆனால் ஜென்3 வேகத்தில்தான். தினசரி வேலையில் ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு வரும்போது தெரியும் வித்தியாசம் மலை. சாட்டாவிலிருந்து ஜென்4க்குப் போகும்போது தெரிவது மடு.

500 ஜிபி எடுப்பது நல்லது. விண்டோஸ் அதை 465 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, எண்ணும் முறை வேறு. 256 ஜிபிக்குக் குறைத்து வாங்காதீர்கள். நிரம்பி வழியும் எஸ்எஸ்டி மெதுவாகும். பத்து பதினைந்து சதவீதம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.

ஆன்லைனில் பெயர் தெரியாத '2 டிபி' எஸ்எஸ்டி அடிமாட்டு விலைக்கு வந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் சிறு மெமரி கார்டும், அளவைப் பொய்யாகச் சொல்லும் சிப்பும்தான். நிறையக் கோப்புகளை ஏற்றிய பிறகே சாயம் வெளுக்கும், அதற்குள் கோப்புகள் போயிருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்துச் சொல்லிவிடும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, சீரியல் எண்ணோடு ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். மூன்று வருடம், ஐந்து வருடம் என்று சொல்லும் வாரண்டிக்கு அந்தத் தாள் கைகொடுக்கும்.

ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று இருக்கும். டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டின் வெட்டும் வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிப் போட முடியாது. சிக்கல் டிடிஆர்3க்கும் டிடிஆர்3எல்லுக்கும் நடுவில்தான். முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட், உருவம் ஒன்றே. டிடிஆர்3எல் மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் சாதாரண டிடிஆர்3 போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கிடப்பதால், பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றி சோதித்து விற்கும் ரேம் வாங்குவதில் தப்பில்லை. எஸ்எஸ்டியை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள்.

கழற்றும் முன்னும் பின்னும்

முதல் வேலை கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுப்பது. இரண்டாவது வேலையை எல்லோரும் மறப்பார்கள்: டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் சாவி. விண்டோஸ் உங்களுக்குச் சொல்லாமலே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கலாம். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே லேப்டாப்பைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) கை வைத்ததும் 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுக்குள் போய் அந்த எண்ணை முன்பே எடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸ் லைசன்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். அது மதர்போர்டோடு இணைந்தது, டிஸ்க் மாற்றினால் போகாது.

பிஹெச்0 அளவு ஸ்குரூடிரைவர், காலாவதியான ஒரு ஏடிஎம் கார்டு, ஸ்குரூ வைக்க ஒரு முட்டை அட்டை. இவ்வளவு போதும். முழுதாக ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஸ்குரூக்கள் ஒரே நீளமாக இருக்காது. எது எந்த மூலையில் இருந்ததோ அதே வரிசையில் முட்டை அட்டைக் குழிகளில் போடுங்கள். நீள ஸ்குரூவைக் குட்டை இடத்தில் முடுக்கினால் கைவைக்கும் மேல்பலகையில் பரு கிளம்பிவிடும். ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஸ்குரூ ஒளிந்திருக்கும். மூடி வர மறுத்தால் இழுக்காமல் அங்கே தேடுங்கள்.

மூடியைத் திறந்ததும் எதையும் தொடும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். தட்டையான ரிப்பன் கேபிள் வந்தால் அதன் ஓரத்தில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகத்தால் தூக்கிய பிறகே கேபிளை இழுக்க வேண்டும். இந்த வேலையில் உடைபடுவது பெரும்பாலும் இந்தத் தாழ்ப்பாள்தான். எம்.2 பட்டையைச் சாய்வாகச் செருகி, அழுத்திப் படுக்கவைத்து ஸ்குரூ போட வேண்டும். அந்தக் குட்டி ஸ்குரூ பெரும்பாலும் எஸ்எஸ்டி பெட்டியில் வராது, லேப்டாப்பிலும் இல்லாமல் இருக்கலாம், கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

திறந்தது திறந்தாயிற்று, ஃபேனையும் தூசி தட்டுங்கள். ஊதும்போது இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளவும்.

பழைய டிஸ்க்கில் உள்ள விண்டோஸை அப்படியே குளோன் (முழு நகல்) செய்வதைவிடப் புதிதாகப் போடுவதே மேல். ஐந்து வருடக் குப்பையைப் புது வீட்டுக்கு ஏன் சுமக்க வேண்டும்? குளோன் செய்தே ஆக வேண்டுமென்றால் குளோன்சில்லா இலவசம், ஆனால் புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் சாதாரணமாக ஒத்துக்கொள்ளாது. புதிதாகப் போட 8 ஜிபி பென்டிரைவ் போதும். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் அதைத் தயார் செய்யும். பென்டிரைவிலிருந்து கிளம்ப டெல், லெனோவாவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் எனேபிள் செய்ய வேண்டும்.

இன்ஸ்டால் செய்யும்போது லேப்டாப்பில் எஸ்எஸ்டி மட்டும் இருக்கட்டும். பழைய டிஸ்க்கும் உள்ளே இருந்தால், விண்டோஸ் எஸ்எஸ்டியில் போய் உட்கார்ந்தாலும் அதைக் கிளப்பும் பூட் கோப்புகள் பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிடக்கூடும். ஒரு நாள் அந்த டிஸ்க்கைக் கழற்றினால் லேப்டாப் கிளம்பாது, ஏன் என்றும் புரியாது. டிஸ்க்கே காட்டவில்லை என்றால் பயாஸில் சாட்டா மோடு ரெய்டு என்று இருக்கிறதா பாருங்கள். ஏஹெச்சிஐ ஆக்கினால் தெரியும்.

எந்த சிஸ்டம் போடுவது

விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். உங்களுடையது அதற்குள் வந்தால் யோசிக்காமல் 11 போடுங்கள்.

வராவிட்டால் மூன்று வழி. விண்டோஸ் 10இலேயே நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் பணம் கட்ட வேண்டாம். ரூஃபஸ் என்ற, பென்டிரைவ் தயார் செய்யும் இலவச மென்பொருளை வைத்துத் தடையைத் தாண்டி 11 போடுவது இரண்டாவது வழி. ஓடும்தான். ஆனால் வருடாந்தரப் பெரிய அப்டேட்டுகளை ஒவ்வொரு முறையும் கையால் போட வேண்டியிருக்கும். கோர் 2 டுவோ காலத்துப் புராசசர்களில் விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பு கிளம்பவே கிளம்பாது, அதைத் தாண்ட வழியும் இல்லை.

மூன்றாவது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச சிஸ்டமான லினக்ஸ் மின்ட். 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ரேம் என்றால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பிரவுசர், வீடியோ, லிப்ரே ஆபீஸ் மட்டும் போதும் என்பவருக்கு இதுவே சிறந்தது என்பேன். டாலி ஓட்டுபவர், கையெழுத்து டோக்கன் செருகி வேலை செய்பவர் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. பிரிண்டரையும் யோசியுங்கள்: ஹெச்பி பொதுவாகச் செருகியதும் வேலை செய்யும், ஜெராக்ஸ் கடைதோறும் இருக்கும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் படாதபாடு படுத்தும். இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பதால் வைஃபை, சவுண்ட், கேமரா, பிரிண்டர் நான்கையும் முதலில் சோதியுங்கள். பிராட்காம் நிறுவன வைஃபை சிப் தெரியாவிட்டால் போனை யூஎஸ்பியில் செருகி இணையம் கொடுத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அநேகமாகத் தீர்ந்துவிடும். தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், அதோடு எம்17என் தொகுப்பைச் சேர்க்க வேண்டும்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பின் எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்யும் (சிதறிய கோப்புகளை ஒன்றாக அடுக்கும்) மென்பொருள் எதையும் போடாதீர்கள். தேய்மானம் மட்டுமே மிச்சம். கழற்றிய ஹார்டு டிஸ்க்கை யூஎஸ்பி 3.0 கேசிங்கில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்க் சாகும் முன் கடகடவென்று சத்தம் போட்டாவது சொல்லும். எஸ்எஸ்டி நேற்று ஓடியது இன்று தெரியாது என்று போய்விடும், அதனால் இந்த பேக்கப் அவசியம். ஆனால் அதற்கு முன் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் அந்தப் பழைய டிஸ்க்கைத் திறந்து 'கரன்ட் பென்டிங் செக்டர்' (சரியாகப் படிக்க முடியாத இடங்கள்) என்ற வரியைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இல்லையென்றால் வேறு டிஸ்க் வாங்குங்கள்.